போகாததை எதுக்கு எழுதணும்

சாக்பீஸைக் கையில் எடுத்த பிறகுதான் உள்ளங்கை இவ்வளவு வேர்த்திருப்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தது. ஈரத்தில் சாக்பீஸ் குழைந்து விரலில் அப்பிக்கொண்டது, இதைக்கொண்டு எழுதினால் எழுத்து விழுமா, விழாவிட்டால் பின்னால் இருக்கிறவர்கள் சிரிப்பார்களா, சிரித்தால் சிரிக்கட்டுமே, போன பயிற்சிகளில் தூங்கினார்கள், தூங்குவதற்குச் சிரிப்பது எவ்வளவோ தேவலை. முன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், எண்ணெய் வழிய வாரிய தலைகள், பொத்தான் போன சட்டைகள். பின்னால், ஒன்றாம் வகுப்பிலிருந்து தூக்கிவந்து போட்ட குட்டை பெஞ்சுகளில், முழங்கால் மோவாயை இடிக்க, சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அவள் வேலை, ஆசிரியர் பயிற்றுநர் என்று அதற்குப் பெயர், வாத்தியார்களுக்கு வாத்தியார். மைக்கைப் பிடித்துப் பேசச் சொன்னால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இன்றைக்கு மைக் இல்லை. நிஜமான பிள்ளைகளுக்கு நிஜமான பாடத்தை அவள் எடுக்கப்போகிறாள், இவர்கள் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள், பார்த்துவிட்டு இவர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், சாயங்காலத்துக்குள் 'என் வகுப்புக்கும் வந்து பாருங்க' என்று வாயைத் திறந்து சொல்லவேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு வாத்தியார் வகுப்பை இன்னொரு வாத்தியார் உக்காந்து பாக்குறதெல்லாம் நம்ம பக்கம் நடக்காது மேடம். ஒரு ஆளாவது கதவைத் தொறந்து விட்டா ஒங்க திட்டம் வருஷம் முழுக்க நடக்கட்டும், நான் குறுக்க நிக்கல. இல்லன்னா அடுத்த மாசம் பழையபடி ப்ரொஜெக்டரைத் தூக்கிட்டு வந்துருங்க." அவர் கெட்டவர் இல்லை, வேலைநாளில் பயிற்சி வைக்க அவள் கேட்டதுக்கு அனுமதி கொடுத்தவரும் அவர்தான். ஆனாலும் ப்ரொஜெக்டர் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ப்ரொஜெக்டர் என்றால் ஜன்னலில் பழைய பேனரைக் கட்டி இருட்டாக்கிய ஓர் அறை. சுவரில் விழும் வரிகளை அவள் வாசிப்பாள், அதே வரிகளை எதிரில் இருக்கிறவர்களும் வாசிப்பார்கள், வாசிக்கத் தெரியாதவர் யாரும் அந்த அறையில் இல்லை என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமைதான் நடக்கும். பிள்ளைகளுக்கு லீவு, அதனால் சனிக்கிழமை. பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசுவார்கள், அடுப்பு மூட்டாமல் நடத்துகிற சமையல் வகுப்பு. பிறகு குழு பிரிப்பார்கள், கங்கை, காவேரி, வைகை, தாமிரபரணி, எந்தப் பயிற்சிக்குப் போனாலும் இந்த நாலு ஆறுதான் ஓடும், சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வரும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிற டீச்சர் எழுதுவார், குரல் கனத்த சார் வாசிப்பார், எல்லாரும் மழைத்தட்டு தட்டுவார்கள், ஒரு விரலில் சாரலாகத் தொடங்கி ஐந்து விரலிலும் சடசடவென்று கொட்டி முடியும் தட்டு. கடைசியில் மாதிரி வகுப்பு. அதுதான் திருவிழா. ஒருத்தர் ஆசிரியர், மிச்சப் பேரெல்லாம் பிள்ளைகள். தலை நரைத்தவர் சுண்டுவிரலைத் தூக்கி 'டீச்சர், ஒண்ணுக்கு' என்பார், அறை அதிரும். பிறகு பாடம் வழுக்கிக்கொண்டு போகும், கேட்டதற்கெல்லாம் பதில் வரும், தப்பாகச் சொல்கிற 'பிள்ளை'கூட ஆசிரியருக்குத் தோதான தப்பாகப் பார்த்துத்தான் சொல்லும், திருத்திய உடனே திருந்தியும் விடும். மாதிரி வகுப்பு எதுவும் இந்த வட்டாரத்தில் தோற்றதாகச் சரித்திரமே இல்லை. திங்கட்கிழமை அவரவர் அறைக்குப் போய் நிஜப் பிள்ளைகளின் முன்னால் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பது வேறு கதை, அந்தக் கதையை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

அதை உடைக்கத்தான் இந்தப் புதன்கிழமை, இந்தப் பள்ளிக்கூடம், இந்த வேர்வை. ஒரு ஆளைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தாள், பொய் சொல்வானேன். பிரிசில்லா டீச்சர். வேலைக்கு வந்து ரெண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, துடியான பெண், கேட்டதுமே 'என் வகுப்புக்கு வாங்க மேடம், நான் சொல்லுதேன்' என்று சம்மதித்தவள். சற்றுமுன் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து காகிதக் கப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஹெச்.எம். வேண்டாங்காங்க. நாலு பேரு வந்து பாத்துட்டு நாலு விதமாப் பேசுவாங்க, பள்ளிக்கூடத்துக்குப் பேரு கெட்டுரும்ங்காங்க." பரவாயில்லைம்மா என்று தங்கபுஷ்பம் சொன்னாள், டீயை முழுசாகக் குடித்தாள். அப்போது மிச்சமிருப்பது யார்? கடைசி பெஞ்சின் ஓரத்தில் சுயம்புலிங்கம் சார் இருக்கிறார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷமோ என்னவோ. எந்தப் பயிற்சியிலும் கடைசி வரிசைதான், செய்தித்தாளை நாலாக மடித்து அதில் ஏதாவது கட்டத்தை நிரப்பிக்கொண்டிருப்பார், பயிற்சி முடிந்ததும் 'ரொம்பப் பிரயோஜனமா இருந்துது மேடம்' என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போவார், அந்தப் பிரயோஜனம் முதுகில் ஊசி மாதிரி இரண்டு நாள் குத்தும். இன்றைக்கு வரும்போதே கேட்டார். "என்ன மேடம், இன்னைக்கு நீங்க நடிக்கப்போறீகளாம்லா?" நடிப்பு இல்லை சார், நிஜம் என்று அவள் சொன்னாள். "அப்படியா, அப்ப முன்னாலல்லா உக்காரணும்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அவள் மனசுக்குள் திட்டினாள், திட்டியதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

திரும்பிக் கரும்பலகையில் எழுதினாள், அறுநூற்றுப் பதினெட்டை ஆறால் வகுக்க. எழுத்து விழுந்தது. முதுகுப்பக்கம் ஒரு குளிர்ச்சி ஏறியது, பார்வைகள் படுகிற இடம் அது, எல்லா வாத்தியாருக்கும் அந்த இடம் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருத்தர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது, எதையோ எழுதிக்கொண்டே இருந்தது, அவள் திரும்புகிறபோதெல்லாம் பேனா நின்று அவள் எழுதுகிறபோதெல்லாம் ஓடியது, முடிவில் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போனது, அந்த ஒன்றும் சொல்லாததை அவள் எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு அலைந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. யாராவது பின்னால் உட்கார்ந்தால் அது குற்றம் பார்க்கத்தான் என்று உடம்பு படித்துவைத்திருக்கிறது, அதனால்தான் கதவு சாத்திக்கொள்கிறது. அடுத்த அறை டீச்சர் டஸ்டர் வாங்க வந்தால்கூடப் பாடம் பாதியில் நின்றுவிடும், பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லும், டஸ்டர் கைமாறும், அவர் போகிறவரைக்கும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருபது வருஷம் பாடம் நடத்திவிட்டு மற்றவர் எப்படி நடத்துவார் என்று தெரியாமலேயே ஓய்வு பெற்றுப்போன எத்தனை பேருக்கு அவள் சந்தனமாலை போட்டிருக்கிறாள். டாக்டர்கள் நாலு பேராக நின்று ஒரு வயிற்றைத் திறக்கிறார்கள், கொத்தனார் சுவர் கோணினால் பக்கத்துக் கொத்தனார் 'ஏய், நூலைப் பிடி' என்று கத்துகிறார், நமக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக்குடித்தனம் என்று பேசிப் பேசி வாய் வலித்தது. சரி, பேசியது போதும், நடத்து.

"யாரு வந்து போடுதீங்க?" என்றாள். கைகள் எழுந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கவில்லை, ஆனால் அவள் உதடு முணுமுணுத்துக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது, அவளைக் கூப்பிட்டாள். பெயர் மாரிதர்ஷினி. சாக்பீஸை வாங்கிக்கொண்டு எம்பி நின்று எழுதினாள், வாயும் கூடவே ஓடியது. ஆறுல ஆறு ஒரு தடவை. ஒண்ணுல ஆறு போகாது. எட்டை இறக்கு. மூவாறு பதினெட்டு. மீதி இல்லை. மேலே ஈவு, பதிமூன்று. ஆகா, என்று தங்கபுஷ்பத்துக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல், அவள் எதிர்பார்த்த தப்பு இதுதான், நடுவில் பூஜ்யம் விட்டுப்போகும், நாடு முழுக்கப் பிள்ளைகள் விடுகிற பூஜ்யம், இதற்காகத்தானே இந்தக் கணக்கையே தேர்ந்தெடுத்தாள். இனி வகுப்பைப் பார்த்து 'சரியா?' என்று கேட்கவேண்டும், பாதிப் பேர் சரி என்பார்கள், பாதிப் பேர் தப்பு என்பார்கள், இரண்டு கட்சியையும் மோதவிட்டு உண்மையை வெளியே எடுக்கவேண்டும். கேட்டாள். "சரி டீச்சர்!" என்று வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது, கூரை ஓட்டில் இருந்த புறா ஒன்று பறந்தது. ஒரு கட்சிதான் இருக்கிறது, எதிர்க்கட்சியே இல்லை. போகட்டும், இரண்டாவது வழி இருக்கிறது. "ஆறு பேருக்கு அறுநூறைப் பங்கு வச்சா ஆளுக்கு எவ்வளவு?" நூறு என்றது வகுப்பு, யோசிக்கவே இல்லை. "அறுநூத்திப் பதினெட்டைப் பங்கு வச்சா நூறைவிடக் கூட வருமா, கொறைய வருமா?" கூட என்றது வகுப்பு. "அப்ப பதிமூணு எப்படிம்மா வரும்?" இங்கேதான் அந்தப் பெண் முகத்தில் விளக்கு எரியவேண்டும். மாரிதர்ஷினி கரும்பலகையைப் பார்த்தாள், தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள், பாவம் இந்த டீச்சருக்குத் தெரியவில்லையே என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். "டீச்சர், அது வாய்க்கணக்கு. இது போர்டு கணக்கு."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. வாய்க்கணக்கு வேறு, போர்டு கணக்கு வேறு, இரண்டு கணக்குக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டும் என்று இந்தப் பிள்ளையிடம் யாரும் சொன்னதே இல்லையா, சொல்லவில்லை என்றால் அவளுக்கு எப்படித் தெரியும். "சரிம்மா, இதுல ஒரு எடத்துல பூஜ்யம் வரணும்" என்று ஆரம்பித்தாள், ஆரம்பிக்கும்போதே தெரிந்தது, இது சொல்லக்கூடாத வாக்கியம், விதியைத் தூக்கித் தலையில் போடாதீர்கள் என்று எத்தனை சனிக்கிழமை இவர்களுக்குச் சொல்லியிருப்பாள். பெண் விடவில்லை. "ஒண்ணுல ஆறு போகாதுல்லா டீச்சர்?" "போகாது." "போகாததை எதுக்கு டீச்சர் எழுதணும்?" அவ்வளவுதான். போகாததை எதுக்கு எழுதணும். நியாயமான கேள்வி. விருந்துக்கு வராதவருக்கு யாராவது இலை போடுவார்களா. போகாததை எதுக்கு எழுதணும். மாதிரி வகுப்புகளில் எந்த நரைத்த 'பிள்ளை'யும் இதைக் கேட்டதில்லை, எப்படிக் கேட்கும், பூஜ்யம் தெரிந்த பிள்ளையால் பூஜ்யம் தெரியாத மாதிரி நடிக்கத்தான் முடியும், தெரியாமல் இருக்க முடியாதே. மின்விசிறி கிறீச்சிட்டது. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. பின்னால் ஒரு பெஞ்ச் முனகியது, இதோ ஒருத்தர் ஒருத்தரைப் பார்க்கிறார்கள், இதோ சுயம்புலிங்கம் சார் செய்தித்தாளை மடிக்கிறார், இதோ ப்ரொஜெக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ஏறுகிறாள். ஏதாவது சொல், எதையாவது சொல்லி மூடு, 'அது விதி, அப்படித்தான் போடணும், போய் உக்காரு' என்று ஒரு வரி போதும், பிள்ளை போய் உட்கார்ந்துவிடும், பாடம் முடிந்துவிடும், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள். "எனக்கு இதுக்கு ஒடனே பதில் சொல்லத் தெரியலைம்மா" என்றாள். பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரியும் சொன்னாள், பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரியும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்த முதுகுக் குளிர்ச்சி எங்கே போனது என்றே தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. ஒளித்துவைக்க ஒன்றுமில்லாதபோது எவ்வளவு லேசாக இருக்கிறது, இவ்வளவு எளிதா இது, இதற்கா இத்தனை வருஷம். சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு.

"தெரியலைன்னா செஞ்சு பாத்துருவோம்" என்று மேஜைக்கு அடியிலிருந்து சாக்குப்பையை இழுத்தாள். மருந்து முக்காத தீக்குச்சிகள். இந்த ஊரில் முக்கால்வாசி வீடுகள் தீப்பெட்டி செய்கிற ஆபீஸை நம்பித்தான் இருக்கின்றன, அங்கே சொல்லி வாங்கியது, நூறு நூறாகவும் பத்துப் பத்தாகவும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள், தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தாள். குச்சியைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. ஆறு பேர் முன்னால் வந்தார்கள். ஆறு நூறுகட்டு, ஒரு பத்துக்கட்டு, எட்டு உதிரி. மாரிதர்ஷினிதான் பங்கு வைக்கிறவள். நூறுகட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள், சண்டை இல்லை. பத்துக்கட்டு ஒன்றே ஒன்று, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு பேரையும் பார்த்தாள். "எனக்கு" என்று ஆறு பேரும் கையை நீட்டினார்கள். "ஒருத்தருக்குக் குடுத்தா அஞ்சு பேரு அழுவாங்க டீச்சர்" என்றாள். "அப்ப?" என்றாள் தங்கபுஷ்பம், அவளுக்கே இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "கட்டைப் பிரிச்சிருவோம்." படக்கென்று ரப்பர் பேண்ட் தெறித்தது, பத்தும் எட்டும் பதினெட்டு, ஆளுக்கு மூன்று. "இப்ப ஒங்கிட்ட எவ்வளவு இருக்கு?" என்று ஒரு பையனிடம் அவளே விசாரித்தாள். "நூத்தி மூணு." அடுத்தவனிடம் கேட்டாள். "நூத்தி மூணு." ஆறு பேரிடமும் கேட்டாள், ஆறு பேரும் நூற்றி மூன்று. மெல்லத் திரும்பிக் கரும்பலகையில் தான் எழுதிய பதிமூன்றைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தங்கபுஷ்பம் எத்தனை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள், அந்தப் பெண் தன்னோடு தானே சண்டைபோடுவது முகத்தில் தெரிந்தது. விறுவிறுவென்று போனாள், உள்ளங்கையால் பதிமூன்றை அழித்தாள், ஒன்று எழுதினாள், கையை ஒரு எழுத்து அகலத்துக்கு நகர்த்தினாள், மூன்று எழுதினாள். நடுவில் ஒன்றுமில்லை, வெறும் கரும்பலகை. "இங்க என்னம்மா?" என்றாள் தங்கபுஷ்பம், அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து. "பத்துக்கட்டு யாருக்கும் கெடைக்கல்ல டீச்சர். அதான் எடம் விட்டிருக்கேன்." அப்போது பார்த்து மதிய மணி அடித்தது, மணி அடித்த கையோடு பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள், மாரிதர்ஷினியும் பறந்துவிட்டாள், கணக்கெல்லாம் சோற்றுக்குப் பிறகுதான்.

பூஜ்யம் வரவில்லை. வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தது, உள்ளே வரவில்லை, பாடம் முடியவில்லை. முடியாத பாடத்தைப் பார்க்கவா இத்தனை பேரை வரவழைத்தாய் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது, கேட்டால் கேட்கட்டும், அந்தக் காலி இடத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும் என்று இன்னொரு குரல் அதை அடக்கியது. திரும்பாமலேயே நின்று கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் மாவைத் தேய்த்தாள். இப்போது மழைத்தட்டு தட்டுவார்கள். தட்டிவிட்டு எழுந்து சாப்பிடப் போவார்கள், சாப்பிடும்போது அகவிலைப்படி, இடமாறுதல் கலந்தாய்வு, யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை, எல்லாப் பயிற்சியிலும் சாம்பாரோடு அதுதானே கூட்டு. தட்டு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தம். சண்டைச் சத்தம். ஐயையோ, என்ன, பெஞ்ச் உடைந்துவிட்டதா, யாருக்குள் என்ன, என்று திரும்பியவளுக்கு முதலில் ஒரு சொல்தான் தனியாகக் காதில் விழுந்தது, எடம். "எடம் விட்டிருக்கால்லா, அதுதான் பூஜ்யம். பூஜ்யம்னா வேற என்னங்கிய?" அது ஒரு டீச்சர். "எடம் விட்டா ஆச்சா? நெருக்கி எழுதுனா திரும்பப் பதிமூணுதான?" அது வேறொரு சார். "அந்தக் கஷ்டத்தை அவளே படட்டும், பட்டாத்தான் பூஜ்யத்தைத் தேடுவா." "எப்பத் தேடுவா, பரிட்சை முடிஞ்ச பெறவா?" "அதெல்லாம் இருக்கட்டும், வாய்க்கணக்கு வேற போர்டு கணக்கு வேறன்னாளே, அதுக்கு என்ன சொல்லுதிய, அதுலதான விஷயமே இருக்கு!" பிரிசில்லா வழக்கமான நல்ல பழக்கத்தில் டஸ்டரை எடுத்துக்கொண்டு கரும்பலகையைத் துடைக்கப் போனாள். "ஏ டீச்சர், அதைத் தொடாதீக!" என்று ஒரு அதட்டல். சுயம்புலிங்கம் சார். குட்டை பெஞ்சிலிருந்து எழமுடியாமல் முன்னால் இருந்தவர் தோளைப் பிடித்து எழுந்து, மரத்துப்போன காலை உதறிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தார்.

சத்துணவு ஆயா வந்து வாசலில் நின்று "சோறு ஆறிப்போவுது" என்றார், யாரும் திரும்பவில்லை, இரண்டாவது தடவை சத்தம்போட்ட பிறகுதான் நகர்ந்தார்கள், நகர்ந்தும் என்ன, வேப்பமரத்தடியில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே சண்டை. சோற்றில் கை வைத்தபடி ஒருத்தர் முட்டையை நூறாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு டீச்சர் தட்டின் ஓரத்தில் சாம்பாரால் ஒன்று, இடைவெளி, மூன்று என்று எழுதினார். கங்கையும் இல்லை காவேரியும் இல்லை, சார்ட் இல்லை, யாரும் யாரையும் குழு பிரிக்கவில்லை, ஒரு பத்து வயசுப் பெண் செய்த தப்பைச் சுற்றி இருபது வாத்தியார்கள் சாப்பாட்டை மறந்து அடித்துக்கொள்கிறார்கள். தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷம் என்றால் சந்தோஷம், அப்படியொரு சந்தோஷம், அதை வெளியே காட்டினால் கண் படுமோ என்று தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டோமா? இன்னும் இல்லை, பேசுவது வேறு, கதவைத் திறப்பது வேறு, பேச்சில் சூரர்கள்தான் இவர்கள் எல்லாரும், தட்டைக் கழுவிவைத்த கையோடு மறந்துவிடுவார்கள், கேட்டுவிடலாமா, 'யாராவது ஒருத்தர்' என்று இப்போதே கேட்டுவிடலாமா, கேட்டால் எல்லாரும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், கேட்கக்கூடாது, கேட்டு வாங்கினால் அது கிடைத்ததாக ஆகாது. அப்போது சுயம்புலிங்கம் சார் தட்டோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார். முட்டையைத் தொடவே இல்லை. "ரொம்பப் பிரயோஜனமா" என்று அவர் ஆரம்பிக்கப்போகிறார் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"அந்தப் பிள்ள ஒங்ககிட்டக் கேட்டுட்டா மேடம்" என்றார். "எங்கிட்ட ஒரு பிள்ளயும் கேட்டதில்ல. பதிமூணு பதிமூணுன்னு வருஷா வருஷம் போடுதாங்க. எதுக்குப் போடுதாங்கன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது." அவர் சண்டைபோட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார், தொண்டையைச் செருமினார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார். "ஏப்பா, எல்லாரும் இங்க கேளுங்க. வார திங்கக்கெழமை எங்க பள்ளிக்கூடத்துக்கு வாங்க. நான் பாடம் எடுக்கேன், பின்னால உக்காந்து பாருங்க." "என்ன பாடம் சார் எடுக்கீங்க?" என்று கேட்டது பிரிசில்லா. "எனக்கு நல்லா வார பாடம் நாலஞ்சு இருக்கு, அதுக்கு வந்து ஒங்களுக்கு என்ன லாபம்? பின்னம் எடுக்கேன். முப்பது வருஷமா அது எனக்கு வரவே மாட்டேங்கு. எங்க மாட்டுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் சுயம்புலிங்கம் சார், சொல்லிவிட்டு முட்டையை உரிக்கத் தொடங்கினார். எனக்கு வரவில்லை. ஒரு வாத்தியார், இன்னொரு வாத்தியாரின் முகத்துக்கு நேரே, பட்டப்பகலில், ஊர் கேட்க. அடுத்த நிமிஷமே ஒரு சார் "அப்ப மறுவாரம் நான்" என்றார், "சீனியாரிட்டிப்படி நான்லா மொதல்ல?" என்று ஒரு டீச்சர் மல்லுக்கு நின்றார், பிரிசில்லா "எங்க ஹெச்.எம்.மையும் திங்கக்கெழமை கூட்டிட்டு வந்து உக்கார வைக்கேன் மேடம், பெறவு பாப்போம் என்ன சொல்லுதாங்கன்னு" என்றாள். தங்கபுஷ்பத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போன் போடவேண்டும், அது அப்புறம், முதலில் இது, இந்தக் கணத்துக்கு ஏதாவது செய்யவேண்டும், கைதட்டல் போதாது, மழைத்தட்டெல்லாம் இதன் பக்கத்தில் நிற்குமா. அம்மன் கோயில் கொடையில் சாமி வரும்போது பெண்கள் என்ன செய்வார்களோ அதுதான் தொண்டைக்கு வந்தது, அதிகாரியாச்சே, பிள்ளைகள் பார்க்குமே, என்று ஒரு நொடி அடக்கினாள், அடங்கவில்லை, தட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு குலவை போட்டேவிட்டாள். பிள்ளைகளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த ஆயா கரண்டியோடு திடுக்கிட்டுத் திரும்பினார், என்ன விசேஷம் என்று விளங்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என்னவானாலும் நல்ல காரியமாகத்தான் இருக்கும் என்று தானும் சேர்ந்து குலவையிட்டார்.